கைக்கு வருமுன் கழிந்த கூலி

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். கூலியிலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று ஏழாம் பிரிவு பட்டியல் போடுகிறது. முன்பணத்தைத் திரும்ப எடுப்பதும், தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த கூலியைச் சரிக்கட்டுவதும் அந்தப் பட்டியலில் ஒரே வரியில் இருக்கின்றன. இதற்கு முதலாளி யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை; அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும். தொழிலாளியிடம் கூடுதலாகப் பிடித்துவிட்டால் என்ன வழி என்பதைப் பதினைந்தாம் பிரிவு சொல்கிறது. அவர் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஆறு மாதம், 1964 திருத்தத்துக்குப் பிறகு பன்னிரண்டு மாதம் கெடு. அதிகாரிக்கு நியாயம் புலப்பட்டால் பிடித்த தொகையும் அதற்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடும் கிடைக்கும். விண்ணப்பம் வம்புக்குப் போட்டது என்று தோன்றினால் தொழிலாளியே முதலாளிக்கு அபராதம் கட்ட நேரலாம். ஒரே பிழை இரு திசையிலும் நிகழலாம். ஒரு திசையில் அதைத் திருத்தப் பேனா போதும், மறு திசையில் வழக்காட வேண்டும். இந்தக் கோணல் சட்டம் எழுதியவர்களின் கைப்பிசகு அல்ல. கடனையும் கூலியையும் ஒரே பேரேட்டில் எழுதும் பழக்கத்திலேயே அது இருக்கிறது என்பதற்குக் கோலார் தங்கவயலின் வரலாறு நல்ல சான்று.

லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880இல் தங்கவயலுக்குள் நுழைந்தபோது இயந்திரங்களோடு ஒரு கணக்கு முறையும் கூடவே வந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த ஜான் டெய்லர் காரன்வாலில் க்வென்னப் வட்டாரத்துச் செம்புச் சுரங்கங்களை நடத்திப் பெயர் வாங்கியவர். அங்கே சுரங்கத் தொழிலாளி மாதக் கூலிக்காரர் அல்லர். தோண்டிய அளவுக்கோ, எடுத்த தாதின் மதிப்புக்கோ பேரம் பேசிக் குழுவாக வேலை எடுப்பவர். கணக்குத் தீர்க்கும் நாள் வரை சாப்பாட்டுக்கு முன்பணம் உண்டு. தீர்க்கும் நாளில் அந்த முன்பணமும், மெழுகுவர்த்தி, வெடிமருந்து, திரி, உளி தீட்டிய கூலி, வைத்தியர் சந்தா எல்லாமும் கழிந்த பிறகு எஞ்சுவதே அவர் சம்பளம். சில மாதம் எதுவும் எஞ்சாது. குழு கம்பெனிக்குக் கடன்பட்டு நிற்கும். வெடிவைத்துப் பாறை உடைக்க எத்தனை மெழுகுவர்த்தி எரிந்தது என்பது யார் கையிலிருந்த கணக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை. பிரிட்டனில் இப்படிப்பட்ட பிடித்தங்களைக் கட்டுப்படுத்த 1831, 1887, 1896 என்று சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. நிலக்கரிச் சுரங்கத்தில் எடையைச் சரிபார்க்கத் தொழிலாளர்கள் தங்கள் சொந்த ஆளை நிறுத்திக்கொள்ளும் உரிமைகூட 1860இலேயே ஏட்டில் ஏறியது. மைசூர் சமஸ்தானத்து மண்ணில் தோண்டிய அதே லண்டன் கம்பெனிகளை அந்தச் சட்டங்கள் எதுவும் தொடவில்லை.

காரன்வாலில் குழுத்தலைவர் நின்ற இடத்தில் தங்கவயலில் கான்ட்ராக்டரும் அவருக்குக் கீழே மேஸ்திரியும் நின்றார்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, பெரும்பாலும் நிலமில்லாத ஆதிதிராவிடக் குடும்பங்களிலிருந்து, ஆள் கூட்டி வந்தவர்கள் இவர்களே. ஊரில் பழைய கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, வந்து இறங்கியதும் அரிசிக்கு என்று கொடுத்த முன்பணம் கூலியில் கழிய வேண்டும். உச்ச காலத்தில் முப்பதாயிரம் பேர் வரை வேலை செய்த வயலில் பெரும் பகுதியினரைக் கம்பெனிக்கு நேரடியாகத் தெரியாது. கம்பெனி கான்ட்ராக்டருக்குக் கொடுத்தது, கான்ட்ராக்டர் மேஸ்திரிக்குக் கொடுத்தார், மேஸ்திரி தன் மனக்கணக்கில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். இந்த ஏணியில் கணக்கின் நகல் இல்லாதவர் கடைசிப் படியில் இருந்தவர் மட்டுமே. மைசூர் அரசுகூடத் தங்கத்தில் தனக்குச் சேர வேண்டிய ராயல்டியைக் கம்பெனியின் வாய்வார்த்தையை நம்பி வாங்கவில்லை. எடுத்த தங்கத்துக்குக் கணக்கு கேட்டுத்தான் வாங்கியது. அரசுக்கு இயல்பாக இருந்த இந்தச் சந்தேகம் தோண்டியவருக்கு வரும்போது மட்டும் ஒழுங்கீனம் என்று பெயர் பெற்றது.

இந்தக் கடன் கணக்கு ஆளைக் கட்டிப்போடும் கயிறாக எப்படி முறுகியது என்பதைக் கடல் தாண்டிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இலங்கைத் தோட்டங்களில் கங்காணி கொடுத்த முன்பணத்துக்குத் 'துண்டு' என்றொரு சீட்டு உண்டு. இந்தத் தொழிலாளர்களின் கடன் இவ்வளவு, அதைக் கொடுத்தால் விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீராமலே கைமாறிக்கொண்டிருந்தது. எழுதப்பட்ட தொகை சரியா என்று கேட்கும் வாய்ப்பு எழுதப்பட்டவருக்கு மட்டும் இல்லை. 1921இல் 43ஆம் எண் கட்டளைச் சட்டம் வந்துதான் துண்டு ஒழிந்தது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத கைவினைஞரையும் கூலியாளையும் குற்றவாளியாக்கியது. 1925இல்தான் அது ரத்தானது. இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டு 1930இல் தங்கவயலில் நடந்ததைப் பார்க்க வேண்டும். தொழிலாளர்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யும் முறையைக் கம்பெனிகள் கொண்டுவந்தபோது, தொழிற்சங்கம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத நிலையிலும், வாரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். தங்கத் திருட்டைத் தடுக்கவும், ஒரு சுரங்கத்தில் விலக்கப்பட்டவர் இன்னொன்றில் நுழையாமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. ஒரு மை ரேகைக்காகவா இத்தனை பட்டினி என்று அன்று வியந்தவர்கள் உண்டு. என் கணிப்பில் அந்த எதிர்ப்பு அறியாமை அல்ல. மேஸ்திரியை விட்டு இன்னொரு மேஸ்திரியிடம் போவதுதான் தவறான கணக்குக்கு எதிராகத் தொழிலாளியிடம் இருந்த ஒரே ஆயுதம். அழியாத அடையாளம் ஒன்று கம்பெனி ஏட்டில் ஏறிவிட்டால் அந்த ஆயுதம் மழுங்கும். துண்டுச் சீட்டை எழுதிய கைக்கும் ரேகையை உருட்டிய கைக்கும் தூரம் அதிகமில்லை.

1931இல் விட்லி கமிஷன் அறிக்கை தொழிலாளர் கடனையும் கூலிப் பிடித்தத்தையும் நீளமாகப் பேசியதன் விளைவுதான் 1936 சட்டம். அதன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அபராதம் ரூபாய்க்கு அரை அணாவைத் தாண்டக் கூடாது, தவணை போட்டுப் பிடிக்கக் கூடாது, பிடித்த அபராதத்துக்குத் தனிப் பதிவேடு வேண்டும், அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கே போக வேண்டும் என்றது. பன்னிரண்டாம் பிரிவில் ஒரு வரி தங்கவயலுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: வேலையில் சேருமுன் கொடுத்த முன்பணத்தை முதல் முழுச் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம், ஆனால் வழிச்செலவுக்குக் கொடுத்ததைப் பிடிக்கவே கூடாது. ஜோலார்பேட்டையில் ரயில் ஏற்றி அழைத்து வந்த செலவை ஆறு மாதம் கழித்துக்கொண்டிருந்த மேஸ்திரிகளின் பிழைப்பையே அந்த ஒரு வரி குலைத்திருக்கும். என்ன செய்வது, சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும், தங்கவயலோ சமஸ்தானத்தில். எல்லையின் இந்தப் பக்கம் 1942இன் மைசூர் தொழிலாளர் சட்டம் வந்தது, சங்கங்கள் எழுந்தன, 1946 நவம்பர் 4இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். சுரங்கங்களுக்கான ஊதியம் வழங்கல் விதிகள் பிறந்ததும், மைசூர் அரசு கம்பெனிகளை எடுத்துக்கொண்டதும் ஒரே ஆண்டில், 1956இல். டெய்லர் போனார், பேரேடு போகவில்லை. 1962இல் மத்திய அரசின் கைக்கும் 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பெயருக்கும் மாறியபோதும் பிடித்தக் கட்டங்கள் கூடிக்கொண்டுதான் போயின: வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவுக் கடன், பண்டிகை முன்பணம், ஆயுள் காப்பீடு, சங்கச் சந்தா.

இங்கே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. சம்பளத்தில் பிடிக்கும் வழி இல்லையென்றால் கூலிக்காரருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவைப் பார்த்தால் போதும். மைசூர் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுரம் சதுரமாக வகுக்கப்பட்ட அந்தப் பேட்டை சுரங்கச் சம்பளத்தை நம்பி வளர்ந்தது. லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு அரிசியும் துணியும் அங்கேதான், சேட்டின் அடகுக்கடையும் அங்கேதான். சம்பள நாளன்று வாசலில் காத்திருக்கும் வட்டிக்காரரைவிட, வட்டி குறைவாக வாங்கிக்கொண்டு சம்பளப் பட்டியலில் சத்தமில்லாமல் கழிக்கும் கூட்டுறவு சங்கம் எத்தனையோ மேல். உண்மை. 1905இல் மைசூர் கூட்டுறவுச் சட்டம் கொண்டுவந்ததும், பின்னர் கர்நாடகத்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர் கையெழுத்திட்டுக் கொடுத்தால் முதலாளி கடன் தவணையைப் பிடித்தே தர வேண்டும் என்றதும் இந்த நியாயத்தில்தான். பிடித்தத்தையே ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி அல்ல. ஆனால் அந்தச் சலுகைக்குத் தொழிலாளி கொடுத்த விலை எவ்வளவு என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அறுபதாம் பிரிவில் கூலியாளின் கூலியை நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாது என்கிறது. சேட்டு வழக்குப் போட்டு ஜெயித்தாலும் கூலியில் கை வைக்க முடியாது. அதே கூலியில் ஊதியம் வழங்கல் சட்டத்தின் 1964 திருத்தத்தின்படி பொதுவாகப் பாதி வரை, கூட்டுறவு சங்கத்துக்கும் சேர்த்து என்றால் முக்கால் பங்கு வரை பிடிக்க முடிந்தது. நீதிபதிக்கு இல்லாத அதிகாரம் சம்பளக் குமாஸ்தாவுக்கு வந்தது, தொழிலாளியின் ஒரே ஒரு கையெழுத்தால். அத்தனை பெரிய அதிகாரத்துக்கு அத்தனை பெரிய கணக்குப் பொறுப்பும் ஒட்டியிருக்க வேண்டுமல்லவா? ஒட்டவில்லை என்பதுதான் குறை.

பிழைகள் சில்லறை, ஆண்டு முடிவில் நேராகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்பவர்கள் பிழை குமாஸ்தாவின் கவனக்குறைவால் வருகிறது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அல்ல. கடன் கொடுத்தவரிடம் ஒரு கணக்கு, சம்பளம் போடுபவரிடம் ஒரு கணக்கு. இரண்டும் வெவ்வேறு நாளில் சந்திக்கின்றன. கடைசித் தவணை போய்ச் சேர்ந்த செய்தி சங்கத்திலிருந்து சுரங்க அலுவலகத்துக்கு வருவதற்குள் அடுத்த மாதப் பட்டியல் தயாராகிவிடும். கடன் முடிந்தவரிடம் இன்னொரு தவணை போகும். இந்த நோயின் முழு வடிவத்தைப் பார்க்க இன்றைய பிரிட்டன் உதவும். மாணவர் கடனை வருமான வரி இயந்திரத்தின் வழியாக வசூலிப்பதை 1989இல் ஆஸ்திரேலியா தொடங்கியது. பிரிட்டன் 2000 ஏப்ரல் முதல் முதலாளியே சம்பளத்தில் பிடித்து வரித் துறைக்கு அனுப்பும்படி செய்தது. ஆண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் 9 சதவீதம். ஆனால் பிடிப்பது மாதம் பார்த்து. வரம்பு ஆண்டுக்கு 27,295 பவுண்டு, மாதத்துக்கு 2,274 என்று இருந்த ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். பதினொரு மாதம் 1,900 வாங்கி ஒரு மாதம் ஊக்கத்தொகையோடு 4,000 வாங்கியவரின் ஆண்டு வருமானம் 24,900தான். சட்டப்படி அவர் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் அந்த ஒரு மாதத்தில் 155 பவுண்டு போய்விடும். திரும்ப வேண்டுமா, கேட்க வேண்டும். போதாததற்கு, யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்ற தகவல் கடன் நிறுவனத்துக்கு ஆண்டு முடிந்த பிறகே போய்க்கொண்டிருந்தது, 2019 ஏப்ரலில் அடிக்கடி அனுப்பும் முறை வரும்வரை. இடைப்பட்ட மாதங்களில் கடன் தீர்ந்தவர்களிடமும் பிடித்தம் தொடர்ந்தது. கடைசி இரண்டு ஆண்டில் இருப்பவர்கள் சம்பளப் பிடித்தத்தை விட்டு வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டலாம் என்று ஒரு வழியை அந்த நிறுவனமே திறந்துவைத்தது; கூடுதலாகப் பிடிப்பது இந்த முறையின் இயல்பு என்பதற்கு அதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேண்டாம். இங்கே திருடன் யாருமில்லை. மூன்று கடிகாரங்கள் மூன்று நேரம் காட்டுகின்றன, அவ்வளவே. ஆனால் நேரம் தப்பும்போதெல்லாம் காத்திருப்பவர் ஒரே ஆள்.

நீதிமன்றங்கள் தொழிலாளி பக்கம் நின்றதில்லையா என்று கேட்கலாம். நின்றிருக்கின்றன. சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கும் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தில் டெல்லி மின்வாரிய ஊழியர் ஒருவர் இறந்தபோது, பிரீமியம் வந்து சேரவில்லை, பாலிசி காலாவதி என்று எல்.ஐ.சி. கைவிரித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தில் முதலாளியை எல்.ஐ.சி.யின் முகவராகவே கொள்ள வேண்டும் என்றது. இடையில் நிற்பவரின் தவறு குடும்பத்தின் தலையில் விழாது. 2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் வழக்கில், கூடுதலாகக் கொடுத்துவிட்ட சம்பளத்தைக் கடைநிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமிருந்தும், ஐந்தாண்டுக்கு மேல் கொடுத்து வந்த நிலையிலும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் வகுத்தது. இரண்டும் நல்ல தீர்ப்புகள். ஆனால் இரண்டாவது தீர்ப்பு எந்தப் பிழையைப் பற்றியது என்று கவனியுங்கள்: முதலாளி தன் நஷ்டத்தைத் தானே ஈடுகட்டிக்கொள்வதைப் பற்றியது. அதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தொழிலாளியின் நஷ்டத்தைத் தொழிலாளி கேளாமலே ஈடுகட்ட வேண்டும் என்ற விதியைச் சட்டம் எழுதவில்லை. அதற்குத் தேவைப்பட்டது கருணையல்ல, நகல். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான 1970ஆம் ஆண்டுச் சட்டம் கான்ட்ராக்டர் கூலி கொடுக்கும்போது முதன்மை முதலாளியின் ஆள் கூட நின்று சான்று எழுத வேண்டும் என்றது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தங்கவயலுக்கு வேண்டியிருந்த ஏற்பாடு அது; அதிலும் சான்று எழுதும் பேனா தொழிலாளியுடையது அல்ல.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடின. சிறப்புப் பணப்பயன் தொகுப்போடு கணக்கு தீர்க்கப்பட்டது. பெற்றோர் மூவாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்கிய ஊரில் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரி கல்விக் கடன் திட்டத்தை வகுத்த பிறகு படித்த தலைமுறையின் கடன், முதலாளியின் பட்டியலில் அல்லாமல் வங்கிக் கணக்கில் தானாகக் கழிகிறது. மேஸ்திரியின் இடத்தில் ஒரு முறை கையெழுத்திட்டுக் கொடுத்த கழிப்பு ஆணை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில், ரத்து செய்த ஆணையின்மேல் பணம் கழிந்தால் வாடிக்கையாளரின் வங்கியே பொறுப்பு, மறு நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் என்றது. நாள் கணக்கில் தொகை தானாக ஏறும் இந்த விதி பதினைந்தாம் பிரிவைவிட எளிது, கூரானது. ஆனால் ரத்து செய்ய வேண்டியவர் கடன் வாங்கியவர்தான். கடன் தீர்ந்ததாலேயே ஆணை தானாகச் செத்துவிடும் என்று அது சொல்லவில்லை.

1936 சட்டத்தின் இடத்தில் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. பிடித்தத்துக்குப் பாதிச் சம்பளம் உச்சவரம்பு, சம்பளச் சீட்டு கட்டாயம், மனுவுக்கு மூன்றாண்டு கெடு. ஐம்பத்தொன்பதாம் பிரிவில், அனுமதியற்ற பிடித்தம் என்று மனு வந்தால் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி என்கிறது. மேஸ்திரியின் மனக்கணக்கிலிருந்து அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. தங்கவயலின் கடைசிச் சுரங்கத் தொழிலாளிக்குத் தன் தீர்ந்த கணக்கில் ஒரு பிடித்தத்தை மறுக்கப் பழைய சட்டம் கொடுத்த பன்னிரண்டு மாதம் 2002லேயே முடிந்துவிட்டது.